நெறஞ்சிருக்கு

வெளியே போட்டுவிட்டு வரச் சொன்ன தெர்மாகோல் வட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்டனூர்ச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். போடவேண்டிய குப்பைத் தொட்டி கட்டடத்தின் பின்பக்கத்திலேயே இருந்தது. அதைத் தாண்டி, வாட்ச்மேனைத் தாண்டி, காரைக்குடியின் கடைசிப் பெட்ரோல் பங்கையும் தாண்டி வந்தாயிற்று. பகல் இரண்டு மணி. தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. வட்டு ஒரு பெரிய தாம்பாளத்தின் அகலம் இருக்கும், நாலு விரல் கனம். அதன் மேல்பக்கத்தில் சீரகச் சம்பா அரிசி ஏழெட்டு மணிகள் குத்திக்கொண்டு நின்றன. எதிரே வந்த டிராக்டர்காரர் வண்டியை மெதுவாக்கி, "என்னண்ணே, மீன் பொட்டி மூடியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அரிசி அண்டாவின் அடிவயிறு என்று சொல்லியிருந்தால் இறங்கி வந்து விளக்கம் கேட்டிருப்பார்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து எதையும் முழுதாக முடித்த பழக்கம் எனக்கு இல்லை. கிளம்பும்போது மாற்றுத் துணி ஒரு பையில் இருக்கும், அவ்வளவுதான். கையை வீசி நடந்தால் விட்டுவந்த இடம் இரண்டு மைலில் மறந்துவிடும். அந்த ஒரு முறைதான் அங்கிருந்து ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். படுக்க உதவும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சிமெண்டுத் தரையில் படுத்துப் பழகியவர்களுக்குத் தெர்மாகோலின் அருமை தெரியும்; ஈரமும் ஏறாது, சில்லிப்பும் ஏறாது. காரணம் சரியானதுதான். ஆனால் ஒரு மைலுக்குள் அதை நாலைந்து முறை எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் விட்டுவந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. பலகையில் எழுத்துகள் கொடிபோலச் சுருண்டு கிடந்ததால் ஆங்கிலம் தெரிந்தவர்களும் அதைப் படிக்கவில்லை. ஊர்க்காரர்கள் அதை ஏசிச் சந்தை என்றார்கள். பெரிய பெரிய நகரங்களில் கூரைக்குக் கீழே நிரந்தரமாக நடக்கிற உணவுச் சந்தைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், நம் ஊரிலும் அப்படி ஒன்று இருந்தால் என்ன என்று நினைத்துக் கட்டியது. அவருடைய பூர்வீகம் எங்கள் பக்கம். பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் வெளியே. ஆச்சி, அப்பச்சி என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு மொத்தச் செட்டிநாடும் தனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார். மாளிகை வீடுகளைப் பார்க்கக் கார்களில் வருகிறவர்கள் மத்தியானத்துக்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள் அல்லவா, அவர்களை உள்ளே இழுக்கத்தான் அந்தக் கூடம்.

கூரை போட்ட சந்தைகளை நான் அறிவேன். மதுரையிலும் சென்னையிலும் மூட்டை இறக்கியிருக்கிறேன். பம்பாயில் ஒரு பழைய கல்கட்டடச் சந்தையில் மீன் மேடைமேல் படுத்திருக்கிறேன். ஐஸ் உருகிய தண்ணீர் முதுகுக்குக் கீழே ஓடிக்கொண்டே இருக்கும். மலேசியாவில் எட்டு மாதம் ஒரு சந்தையின் கோழிப் பகுதியில் தரை கழுவினேன். அந்த இடத்தைப் பார்ப்பதற்கென்று வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்தார்கள். நான் கழுவிவிட்ட தண்ணீரைத் தாண்டிக் கால் வைத்து, தொங்குகிற கோழிகளுக்கு முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கோழியாவது வாங்குவார்கள் என்று முதல் வாரம் எதிர்பார்த்தேன். பிறகு எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். தரை கழுவும்போது யோசிப்பதற்கு நேரம் நிறைய. நகரத்தில் இருப்பவருக்குச் சாப்பாடு ஒரு பையில் வந்து வாசல் மணியை அடிக்கிறது. அது மண்ணிலிருந்து வருகிறது என்று யாராவது அவ்வப்போது அவருக்கு ஞாபகப்படுத்த வேண்டும், ஆனால் மண்ணைக் காட்டிவிடக் கூடாது. வியாபாரி எதிரே நின்று பேச வேண்டும், அவனுக்கு வியர்க்கக் கூடாது. மீன் கண் விழித்துக் கிடக்க வேண்டும், ஈ உட்காரக் கூடாது. இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு, ஊரின் உயிரையே தொட்டுப் பார்த்துவிட்டோம் என்று திரும்பிப் போவார்கள். ஒரு தக்காளியை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுகிறவர்களை அங்கேதான் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் அப்படி மோந்து பார்த்தால், "ஏன், நாத்தமா அடிக்குது?" என்று கடைக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார்.

காரைக்குடி ஏசிச் சந்தையில் பன்னிரண்டு கடைகள். தூண்கள் இரும்பு, பர்மாத் தேக்கு மாதிரி பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒவ்வொரு கடையின் முன்னாலும் பழம்பொருள் கடைகளில் வாங்கிய பித்தளை அண்டாக்கள். எந்தெந்த வீட்டுக் கல்யாணங்களில் எத்தனை பேருக்குச் சோறு வடித்த அண்டாக்களோ, புளி போட்டுத் தேய்த்து விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தார்கள். அண்டாவின் கழுத்துவரை உள்ளே அட்டைப் பெட்டிகள். அதன்மேல் தெர்மாகோல் வட்டு. வட்டுக்கு மேலே இரண்டு விரல் கனத்துக்கு அரிசியோ பருப்போ மிளகாயோ. பார்க்கிறவர்களுக்கு அண்டா எப்போதும் ததும்பிக்கொண்டிருக்கும். அதில் கை வைக்கக் கூடாது என்பது கடைக்காரர்களுக்குச் சட்டம். விற்பதற்கான சரக்கு மேசைக்குக் கீழே டப்பாக்களில் இருக்கும். அந்த டப்பாக்களுக்குச் சரக்கு பின்கட்டுக் கிட்டங்கியிலிருந்து, மேனேஜர் எழுதிக் கொடுக்கிற பட்டியல்படி வரும். வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவது என் வேலை.

ஏழாம் எண் கடை அரிசிக்கார அக்காவுடையது. மானகிரிப் பக்கத்துக்காரர். அம்பது வயதுக்கு மேல் இருக்கும். கொண்டையை இறுக்கிக் கட்டி, இரண்டு மூக்குத்தியோடு, எப்போதும் யாரையோ அதட்டுகிற முகம். பதினாறு வருடங்கள் வாரச்சந்தைகளிலும் ரோட்டோரத்திலும் சாக்கு விரித்து அரிசி பருப்பு விற்றவர். ரோட்டை அகலப்படுத்தியபோது எழுப்பினார்கள், சாக்கடை கட்டியபோது எழுப்பினார்கள், பெரிய ஆட்கள் வரும்போதெல்லாம் எழுப்பினார்கள். "எந்திரிச்சு எந்திரிச்சே எனக்கு முட்டி தேஞ்சு போச்சுப்பா" என்பார். ஏசிச் சந்தையில் உள்ளூர் முகங்கள் இரண்டு மூன்று வேண்டும் என்று தேடியபோது அவரைப் பிடித்து வந்து ஏழாம் எண்ணைக் கொடுத்தார்கள். மூன்று மாதம் சோதனை. சரக்கு நன்றாக ஓடினால் கடை அவர் பெயருக்கு நிரந்தரம். மேலே தொங்குகிற வெறும் பலகையில் அவர் பெயரை எழுதித் தருவார்கள். ஓடாவிட்டால் வேறு ஆள். அக்கா வந்த முதல் நாளே ஸ்டூல்மேல் ஏறி அந்தப் பலகையைத் துடைத்தார். அதன்பிறகு தினமும் துடைத்தார்.

அவரை நான் கிண்டல் செய்தேன். "என்னக்கா, கண்ணாடிப் பொட்டிக்குள்ள பொம்மையாட்டம் உக்காந்திருக்கீக, மூச்சு முட்டலையா?" என்றேன் ஒரு நாள். அப்போது மணி பதினொன்று இருக்கும். அவர் கீழே குனிந்து ஒரு செம்பை எடுத்தார். அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, செம்புத் தண்ணீர் முழுவதையும் நிறுத்தாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "பாத்துக்கிட்டியா?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "ரோட்டுல உக்காந்த பொம்பளை பகல்ல தண்ணி குடிப்பாளாடா? குடிச்சா எங்க போறது? காலையில அஞ்சு மணிக்கு ஒரு வாய், வீட்டுக்குப் போயி ஒரு வாய். பதினாறு வருசம். அங்குட்டுப் போயிப் பாரு, கதவு, தாப்பா, தண்ணி, வெளக்கு. ஒனக்கென்ன, செவரு கண்ட எடம்." சுற்றியிருந்த கடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு கக்கூசுக்காக இந்தக் கூத்தையெல்லாம் மெச்ச வேண்டுமா என்றுதான் அன்று நினைத்தேன்.

கூரைச் சந்தையைப் பற்றி நான் கேட்ட புகழ்ச்சிகளில் உருப்படியானது அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் வாங்க வருகிறவர்கள் சொல்லிக்கொள்வது. விற்கிறவரின் முட்டியையும் மூத்திரப்பையையும் பற்றி அவர்களில் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. அக்காவுக்கு அந்த இடத்தின் பித்தளையும் வேண்டாம், ஸ்பீக்கர் பாட்டும் வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், பகலில் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்காக அவர் பொம்மையாகவும் இருந்தார். வெளியூர்ப் பெண்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்தபோது விறைப்பாக நின்றார். எடுத்து முடித்ததும், "படத்த சோத்துல போட்டுத் திங்க முடியாது, கால் கிலோ சீரகச் சம்பா வாங்கிட்டுப் போங்க" என்று அவர்கள் கையிலே பொட்டலத்தைத் திணித்தார். அப்படித் திணித்தே அந்தச் சந்தையில் எல்லோரையும்விட அதிகமாக விற்றார். பலன், அவருடைய டப்பாக்கள்தான் எல்லோருக்கும் முன்னால் காலியாயின.

இங்கேதான் சிக்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டிலோ கடையிலோ உப்பு, புளி, அரிசி தீர்ந்துபோனால் 'இல்லை' என்று சொல்ல மாட்டோம். நின்றுகொண்டிருக்கிற லட்சுமியை வெளியே போகச் சொல்வது போல ஆகிவிடும் என்று பயம். 'நெறஞ்சிருக்கு' என்போம். அரிசி நெறஞ்சிருக்கு என்றால் அரிசிப் பானையில் கை விட்டால் அடி தட்டுகிறது என்று அர்த்தம். கேட்கிற ஆள் உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. முன்பு இருந்த உள்ளூர் மேனேஜருக்கு இது விளங்கும்; அவருக்குப் பதிலாக அந்த மாதம் வந்த மேனேஜர் சென்னைப் பையன். நல்ல பையன், மரியாதையானவன். சாப்பிடாமல் கொள்ளாமல் ஓடிக்கொண்டே இருப்பான். தினமும் மத்தியானம் கையகலக் கம்ப்யூட்டர் ஒன்றை ஏந்திக்கொண்டு கடை கடையாக வருவான்.

"அக்கா, ஸ்டாக் எப்படி இருக்கு?"

"சீரகச் சம்பா நெறஞ்சிருக்கு தம்பி. துவரம்பருப்பும் நெறஞ்சிருச்சு."

"சூப்பர்க்கா" என்று சொல்லிக் குறித்துக்கொண்டு எட்டாம் எண்ணுக்குப் போய்விடுவான்.

நான் இதை முதல் நாள் கேட்டபோது வண்டியோடு பக்கத்தில் நின்றிருந்தேன். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பில் போடுவதெல்லாம் வாசலில் ஒரே மெஷினில். எந்தப் பொட்டலம் எந்தக் கடையில் எடுத்தது என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. மேனேஜர் குறிப்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கின்படி அக்கா கடையில் சரக்கு அப்படியே தேங்கிக் கிடந்தது. அதனால் என் பட்டியலில் ஏழாம் எண் வரவில்லை. அக்கா மீதி இருந்த பாசிப்பருப்பை விற்றார், பிறகு மிளகாயை விற்றார், பிறகு விற்க ஒன்றுமில்லாமல் ததும்புகிற அண்டாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் மேனேஜர் வந்தான். "எல்லாமே நெறஞ்சிருக்கு தம்பி, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்றார். "செய்யலாம்க்கா, சேல்ஸ் பிக்கப் ஆகும், கவலைப்படாதீங்க" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனான்.

நான் அக்காவிடம் ஒரு தடவை சொன்னேன். "இல்லைன்னு சொல்லித் தொலைங்கக்கா. அந்தத் தம்பிக்கு நம்ம பேச்சு விளங்கல." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரோட்டுல கெடந்தப்பவே அந்தச் சொல்ல நான் சொன்னதில்ல. கூரை வந்த எடத்துல, வெளக்கேத்தி வச்சிருக்கேன், இங்க வந்து சொல்லவா? ஏன், ஒன் வாயி என்ன வாடகைக்கா விட்டிருக்க? நீ போயி எடுத்துச் சொல்லு. தள்ளுவண்டியோட அவரு ரூமுக்குத் தெனம் போறவன்தானே?" சரி சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. முதல் நாள், பையன் போனில் இருந்தான். இரண்டாம் நாள், எனக்கும் அவனுக்கும் ஒரு வண்டிச் சக்கரத்தைப் பற்றி மனத்தாங்கல். மூன்றாம் நாள் காரணம் எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. அரிசி இல்லாத அரிசி அண்டா, நிறைந்திருக்கிறது என்று சொல்கிற காலிக் கடை, அதை அப்படியே நம்பி எழுதுகிற மெஷின். அந்தக் கூடத்தைப் பற்றி என் மனசில் இருந்த இளக்காரம் முழுவதற்கும் அது ஒன்று போதும் என்று தோன்றியது. தினமும் மத்தியானம் மேனேஜர் ஏழாம் எண்ணுக்கு வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்பேன். எப்படியும் இரண்டு வாரத்தில் கிளம்பிவிடப் போகிறவன்தானே, யாருக்கு எது நேர்ந்தால் என்ன என்று ஒரு திமிர். இப்படிப் பத்து நாள். அக்கா ஒவ்வொரு நாளும் என்னிடம், "சொன்னியாப்பா?" என்பார். "சொல்லிட்டேங்க்கா, பாக்குறேன்னு சொல்லியிருக்காரு" என்பேன். "அந்தத் தம்பிக்கு என்மேல என்ன வருத்தமோ" என்பார் அவர்.

மூன்று மாதம் முடிகிற வாரத்தில் சந்தையைக் கட்டிய முதலாளி வந்தார். கூடவே விருந்தினர்கள் ஐந்தாறு பேர், இதே மாதிரி வேறு ஊரில் கட்டலாமா என்று பார்க்க வந்தவர்கள். முதலாளி கூடத்தின் நடுவில் நின்று, ஒரு நகரத்துக்கு நிரந்தரமான சந்தை இருதயம் மாதிரி என்று கையை விரித்துச் சொன்னார். ஏசி மெஷின் பக்கத்தில் நின்றிருந்த எனக்குப் பாதிதான் கேட்டது. அவர்கள் ஏழாம் எண்ணுக்கு வந்தபோது ஒரு அம்மாள் அண்டாவைப் பார்த்து, "என்ன அழகு! இதில் ஒரு கிலோ கொடுங்கள்" என்றார்.

"நெறஞ்சிருக்குத்தா. நாளைக்கு வாங்க" என்றார் அக்கா.

"நிறைந்துதானே இருக்கிறது, கொடுங்களேன்."

அக்கா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் முதலாளியைப் பார்த்தான். முதலாளி சிரித்தபடி, "ஆச்சி வெட்கப்படுறாங்க" என்றார். அக்கா செட்டியார் வீட்டு ஆச்சியும் இல்லை, வெட்கப்படுகிறவரும் இல்லை. "கொடுங்க ஆச்சி" என்று முதலாளி அடுத்துச் சொன்னபோது குரலில் சிரிப்பு இல்லை. அக்கா பித்தளைக் கரண்டியை எடுத்து அண்டாவுக்குள் விட்டார். டொக்கென்று சத்தம் வந்தது. கரண்டியின் நுனி வட்டின் விளிம்பில் மாட்டிக்கொண்டது. அவர் இழுத்ததும் வட்டு ஒருபக்கம் தூக்கி எழும்ப, மேலே கிடந்த அரிசி முழுவதும் சரிந்து தரையில் கொட்டியது. அட்டைப் பெட்டிகள் தெரிந்தன. ஒரு பெட்டியில் பிஸ்கட் படம். அந்த அம்மாள் முதலில் சிரித்தார். பிறகு ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

முதலாளி தாழ்ந்த குரலில் மேனேஜரிடம் என்ன இது என்று கேட்டார். அவன் கம்ப்யூட்டரைத் தேய்த்துக் காட்டினான். "பத்து நாளா இந்தக் கடையில எதுவுமே மூவ் ஆகல சார். தினமும் ஃபுல் ஸ்டாக்."

"நெறஞ்சிருக்கு நெறஞ்சிருக்குன்னு பத்து நாளாக் கத்திக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்றார் அக்கா.

"அதைத்தானேக்கா நானும் எழுதியிருக்கேன்."

"அப்ப ஏன் சரக்கு அனுப்பல?"

"ஃபுல்லா இருந்தா எப்படிக்கா அனுப்புறது?"

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதலாளி குறுக்கே புகுந்தார். "ஒரே கேள்வி. சரக்கு இருக்கா, இல்லையா?" அக்காவின் உதடு அசைந்தது. அந்தச் சொல் வரவில்லை. குத்துவிளக்கு மேசை ஓரத்தில் எரிந்துகொண்டிருந்தது. அவர் கழுத்தைத் திருப்பி என்னைத் தேடிப் பிடித்தார். "இந்தாப்பா, நீ சொல்லு. இவனுக்குத் தெரியுங்கய்யா, இவன்கிட்டக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வாக்கியம் போதும். ஆனால் பத்து நாள் சொல்லாததை அப்போது சொன்னால், பத்து நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் அக்காவின் முன்னால் பதில் சொல்ல வேண்டும். "எனக்குத் தெரியாது சார். நான் வண்டி தள்ளுறவன்" என்றேன்.

அக்கா எதுவும் திட்டவில்லை. திட்டுவதில் அவரை மிஞ்ச அந்தக் கூடத்தில் ஆள் கிடையாது, ஆனாலும் திட்டவில்லை. கரண்டியை மேசைமேல் வைத்தார். விருந்தினர்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். மேனேஜர் திரும்பி வந்து, "மன்னிச்சுக்குங்கக்கா, நாளையிலிருந்து வேண்டாம்னு சொல்லிட்டாரு" என்றான். அக்கா கீழே குனிந்து தன் செம்பை எடுத்தார். அதில் பாதித் தண்ணீர் இருந்தது. குடிப்பார் என்று நினைத்தேன். செடித் தொட்டியில் ஊற்றிவிட்டுச் செம்பை முந்தானையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். விளக்கை மட்டும் ஒரு பூவை எடுத்துப் பக்குவமாகக் குளிர வைத்தார்.

அதே கூடத்தில் டீக்கடை வைத்திருந்த பாய் நடந்ததைக் கேள்விப்பட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். "ஏசியில டீ வித்தா ஆறுனது தெரியாது" என்று எந்நேரமும் கேலி பேசுகிற மனிதர். தரையில் கிடந்த அரிசியைக் காலால் ஒதுக்கியபடி, "நெறஞ்சிருக்குன்னா அந்தம்மா சொல்லுச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "தெனமும் நீ பக்கத்துலதானே நின்ன?" ஆமாம் என்றேன். அவர் டீப் பாத்திரத்தின் பக்கம் போய்விட்டார். அப்போதுதான் மேனேஜர் அந்த வட்டை என் கையில் கொடுத்து, வெளியே போட்டுவிட்டு வரச் சொன்னான்.

அந்தச் சந்தை இப்போதும் நடக்கிறது. போன வருடம் ஒரு லாரியில் கிளீனராக அந்தப் பக்கம் வந்தபோது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஏழாம் எண்ணில் சிறுதானிய ஐஸ்கிரீம் விற்கிறார்கள். பலகையில் பெயர் எழுதியிருந்தது, யாருடைய பெயரோ. அண்டாக்கள் அதே அண்டாக்கள், ததும்பிக்கொண்டிருந்தன. வாசலில் கார்கள் கூடியிருந்தனவே தவிரக் குறையவில்லை. நகரங்களில் இந்தக் கூடங்கள் இன்னும் பெருகும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பொய்யான நிறைவை வெயில் படாமல் பார்ப்பதற்கு மனிதர்கள் எவ்வளவு தூரமும் வருவார்கள். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, சாலையோரம், பெரிய கறுப்புக் குடைக்குக் கீழே அக்கா சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். லாரி சிக்னலில் நின்றது. அவர் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், மூடிகூடத் திறக்காமல் இருந்தது. மணி மூன்று. இறங்கலாம் என்று கதவில் கை வைத்தேன். சிக்னல் விழுந்துவிட்டது. விழாவிட்டாலும் இறங்கியிருப்பேனா என்று தெரியாது.

அன்றைக்கு வட்டோடு நடந்தவன் ஒரு பஸ் நிழற்குடையில் படுத்தேன். வட்டு முதுகுக்குப் போதவில்லை, தலைக்கும் தோளுக்கும் ஆயிற்று. விடிந்ததும் கண்டனூருக்குள் போனேன். வருடம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்று கல்யாணத்துக்காகத் திறந்திருந்தது. வாசலில் இலைக்கட்டுகளும் காய்கறி மூட்டைகளும் இறங்கிக்கொண்டிருந்தன. ஆள் வேண்டுமா என்று கேட்டேன். சமையல் மேஸ்திரி என் கையில் இருந்த வட்டைப் பார்த்து, "அது என்னய்யா, சாப்பாட்டுத் தட்டா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு வேலை கொடுத்தார். அடுப்படிக்கும் சாமான் அறைக்கும் நடுவில் நிற்க வேண்டும். அடுப்படியில் எது தீர்ந்தது என்று சொல்கிறார்களோ அதைச் சாமான் அறையில் போய்ச் சொல்லி வாங்கி வர வேண்டும். சாமான் அறைச் சாவி கல்யாணப் பெண்ணின் மாமன் மகனிடம் இருந்தது. பெங்களூரிலிருந்து வந்த பையன், காதில் ஒயர் மாட்டியிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் நாற்காலியில் வீட்டுப் பெரிய ஆச்சி.

வட்டைச் சாமான் அறை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மேஸ்திரி அங்கிருந்து குரல் கொடுத்தார். "எப்பா, துவரம்பருப்பு நெறஞ்சிருக்கு!"

நான் எழுந்து பெங்களூர்ப் பையனின் முன்னால் போய் நின்றேன். அவன் காதிலிருந்து ஒயரை எடுக்கும்வரை காத்திருந்தேன். பிறகு, ஒரு எழுத்தும் அவனுக்குத் தவறிவிடக் கூடாது என்று, வீடு முழுவதும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"துவரம்பருப்பு இல்லை."

முற்றத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். "அட கூறுகெட்டவனே, கல்யாண வீட்டுல நின்னு என்ன சொல்லு சொல்ற? போயி வாயக் கழுவிட்டு வா" என்றார் ஆச்சி. தொட்டித் தண்ணீரில் வாயைக் கழுவினேன். திரும்பி வந்தபோது பையன் பருப்பை அளந்து வைத்திருந்தான். தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.